அருவிக்கு வரும் கூட்டமும் பட்டா நிலத்தின் எல்லையும்

நீங்கள் கேட்டிருப்பது இது: கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் அப்பா வழியில் வந்த ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம், கீழே ஓடையில் ஒரு சின்ன அருவி. யாரோ எடுத்துப் போட்ட வீடியோவுக்குப் பிறகு சனி, ஞாயிறு ஆனால் பைக்குகளும் நடைபயணக் குழுக்களும் தோட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. என்ன போர்டு வைப்பது, கம்பி வேலி போடலாமா, டெக்சாஸில் இருக்கும் மச்சான் சொல்வதுபோல மரத்தில் ஊதா பெயின்ட் அடித்தால் போதுமா? நான் படித்த வரையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உள்ளே வந்தவர் "தெரியாமல் வந்துவிட்டேன்" என்று சொல்ல முடியாதபடி எப்படிச் செய்வது என்பது ஒன்று. அப்படிச் செய்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்வேன். இரண்டாவதில் பாதிதான் உறுதி.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் சர்வேயராக வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் தொடங்கி, கையில் கருவி வந்த காலம் வரை மலைக்காடுகளில் கல் தேடி அலைந்திருக்கிறேன். எல்லைத் தகராறில் சாட்சிக் கூண்டில் நின்ற அனுபவமும் நிறைய உண்டு. ஆகவே எல்லை, பாதை, குறி பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு போடுவதென்றால் என் பதிலோடு நிற்காமல், சிவில் வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள்.

ஊதா பெயின்ட்டை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மச்சான் சொல்வது அவர் ஊரில் முழு உண்மை. டெக்சாஸில் 1997-இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மரத்திலோ கம்பத்திலோ செங்குத்தாக ஊதாக் கோடு, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம். கோட்டின் அடி தரையிலிருந்து 3 அடிக்கும் 5 அடிக்கும் நடுவில் இருக்க வேண்டும். காட்டு நிலமானால் 100 அடிக்குள் ஒன்று, மற்ற நிலமானால் 1000 அடிக்குள் ஒன்று. அப்படி அடித்திருந்தால் "உள்ளே வராதே" என்று எழுதி வைத்ததற்குச் சமம். அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான அர்கன்சாவில் அதற்கும் முன்பே, 1989-இல், இப்படிச் சட்டம் வந்தது. போர்டை வேட்டைக்காரர்கள் பிடுங்கி எறிந்துவிடலாம், மரத்தில் அடித்த பெயின்ட்டைப் பிடுங்க முடியாது என்பதுதான் அதில் உள்ள நன்மை. ஆனால் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கொடுப்பது அங்குள்ள சட்டம். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. உங்கள் சில்வர் ஓக் மரத்தில் ஊதாக் கோடு போட்டால், வெட்டுவதற்குக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பையன்கள் நடந்து போவார்கள். உங்கள் ஆட்களுக்கு எல்லை தெரிவதற்காக அடிப்பதானால் அடியுங்கள், அதில் தவறில்லை. மரத்தில் ஆணி அறைந்து போர்டு மாட்டுவதைவிட அது மேல். ஆணி ஏறிய மரத்தை அறுவை மில்லில் வாங்கத் தயங்குவார்கள்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-ஆவது பிரிவுதான் அத்துமீறி நுழைவது பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 441, 447 என்று இருந்ததுதான் இங்கே வந்திருக்கிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்தான். இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தது மட்டுமே இந்தக் குற்றம் ஆகாது. குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும், அல்லது முறையாக நுழைந்துவிட்டு அந்த எண்ணத்தோடு வெளியேற மறுத்திருக்க வேண்டும். மாத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. உரிமையாளருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தொந்தரவு கொடுப்பது நுழைந்ததன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். அருவியில் குளிக்க வந்த கல்லூரிப் பையனுக்கு அப்படி நோக்கம் இருந்தது என்று காட்டுவது கடினம். போர்டைப் பார்த்த பிறகும் கேட் சங்கிலியை அறுத்து உள்ளே போனான், வெளியே போகச் சொன்னபோது சண்டைக்கு வந்தான் என்றால் கதையே வேறு. சங்கிலியை உடைத்தது சொத்துக்குச் சேதம் செய்த தனிக் குற்றமும் ஆகும்.

போர்டின் வேலை எது என்று இதிலிருந்து தெரியும். "அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்று எழுதுவதால் யாரையும் தண்டிக்கிற அதிகாரம் நமக்கு வந்துவிடாது. "எனக்குத் தெரியாது" என்ற சொல்லை வந்தவரிடமிருந்து எடுத்துவிடுவதுதான் போர்டு செய்கிற வேலை. அதை அது செய்ய வேண்டுமானால் சரியான கோட்டில் நிற்க வேண்டும். உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன்னால் எல்லையைக் கண்டுபிடியுங்கள்.

தாண்டிக்குடி, பெரும்பாறை மாதிரி இடங்களில் "இந்தப் பலா மரம் வரை நம்முடையது, அந்தப் பாறைக்கு அப்பால் அவர்களுடையது" என்று வாய்வழியாகத்தான் மூன்று தலைமுறை ஓடியிருக்கும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (அளவோடு வரைந்த நில வரைபடம்) எல்லாம் இன்று அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். எடுத்துவிட்டு, போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து கம்பம் நடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மரம் அடர்ந்த சரிவில் போன் காட்டுகிற இடம் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் சாதாரணமாகவே தள்ளி நிற்கும். 200 மீட்டர் நீள எல்லையில் ஐந்து மீட்டர் தள்ளினால் 1,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 25 சென்ட். ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோக அதில் பாதியே போதும்.

முறையாகச் செய்வதென்றால் எல்லையைக் காட்டக் கோரி எஃப்-லைன் மனு கொடுங்கள். சர்வேயர் பக்கத்து நிலக்காரர்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டு வந்து, கிடைக்கிற பழைய கற்களைப் பிடித்து, புலப்படத்தில் உள்ள அளவை வைத்துக் காணாமல்போன கற்களின் இடத்தைக் காட்டுவார். மலை நிலத்தில் இது அரை நாளில் முடியாது. சரிவில் அளப்பதைக் கிடைமட்ட அளவாக மாற்ற வேண்டும், லேண்டானா புதரை வெட்டி வழி விட ஆட்கள் வேண்டும், அந்த ஏற்பாட்டை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி உங்கள் நிலத்தில் உள்ள கற்களைப் பராமரிக்கிற பொறுப்பு உங்களுடையது என்பதையும் நினைவில் வையுங்கள். கல் கிடைத்ததும் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் உங்கள் கம்பத்தை நடுங்கள். கல்லின் மேலேயே கம்பி கட்டவோ, கல்லைப் பெயர்த்துக் கான்கிரீட்டில் புதைக்கவோ வேண்டாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு காப்பித் தோட்டக்காரர் நல்ல செலவு செய்து இருபதுக்கும் மேற்பட்ட போர்டுகள் வைத்தார். உள்ளே வந்த ஒரு கோஷ்டியோடு கைகலப்பாகி, போலீஸ் வரை போய், கடைசியில் நான் அளக்கப் போனேன். மேற்குப் பக்கம் அவர் வைத்திருந்த போர்டுகளில் பாதி, வனத்துறையின் எல்லைக் கல்லான ஜண்டாவைத் தாண்டி ரிசர்வ் காட்டுக்குள் நின்றன. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அவருடைய அப்பா காட்டிய கோடு அது. ஆனால் அந்த நிமிஷத்தில் புகார் கொடுத்தவரே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட்டார். வந்த பையன்கள் மீதிருந்த புகாரை அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எல்லை தெரிந்த பிறகு அடுத்த வேலை பாதை. புலப்படத்தில் உங்கள் நிலத்துக்குள் விட்டுவிட்டுப் போகும் இரட்டைக் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் புல எண்களுக்கு அ-பதிவேட்டில் வண்டிப்பாதை, நடைபாதை, ஓடை புறம்போக்கு என்று ஏதாவது குறிப்பு உண்டா என்றும் பாருங்கள். பாதை புறம்போக்காக இருந்தால் அதை மறிக்க உங்களுக்கு உரிமை கிடையாது, போர்டும் வைக்கக் கூடாது. ஓடையும் அதே மாதிரி. அருவி விழுகிற இடம் ஓடை புறம்போக்கிலோ ரிசர்வ் காட்டிலோ இருந்தால், அருவிக்கு வராதே என்று சொல்ல உங்களால் முடியாது. "அருவிக்குப் போகிற வழி என் தோட்டத்துக்குள் இல்லை" என்று சொல்லலாம். இந்த வித்தியாசம் போர்டில் தெரிய வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத பாதைகளில்தான் சிக்கல். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தன் நிலத்துக்குப் போக உங்கள் நிலத்தின் வழியே இருபது வருஷம் வெளிப்படையாக, சண்டையில்லாமல், தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்திருந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகிவிடும். மேலே உள்ள தோட்டக்காரருக்கு வேறு வழியே இல்லை என்றால் அது இன்னொரு வகை உரிமை. ஊர் வழக்கத்தால் வருகிற உரிமையும் உண்டு. இவையெல்லாம் உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்பது சாட்சியைப் பொறுத்தது, தூரத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வீடியோ பார்த்துவிட்டு வருகிறவருக்கு இந்த உரிமை எதுவும் கிடையாது. அதில் சந்தேகமே இல்லை.

ஆகவே யாரை நிறுத்தப் போகிறீர்கள், யாரை நிறுத்தக் கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல்தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போகிற பெண்கள், தேனுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குப் போகிற பளியர் பழங்குடிக் குடும்பங்கள், வருஷத்துக்கு ஒருமுறை சாமி கும்பிடப் போகிற ஊர்க்காரர்கள் எல்லாரும் உங்கள் அப்பா காலத்துக்கு முன்பிருந்தே அந்த வழியில் நடந்தவர்களாக இருக்கலாம். பைக் கூட்டத்தின் மேல் உள்ள கோபத்தில் அவர்கள் முகத்தில் கேட்டைச் சாத்தினால், சட்டப்படி தோற்பது ஒருபுறம் இருக்கட்டும், தோட்டத்துக்கு வேலைக்கு ஆள் கிடைக்காது. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது உங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற கண்கள் அவர்களுடையவைதான்.

இதிலேயே பயனுள்ள ஒரு வழி இருக்கிறது. அனுமதி பெற்று நடக்கிறவருக்கு, எத்தனை வருஷம் நடந்தாலும், அந்த நடையால் உரிமை உண்டாகாது. அதனால் உள்ளூர்க்காரர்கள் அல்லாத யாரையாவது, தெரிந்த பறவை பார்ப்பவர்களையோ பள்ளிக்கூடப் பிள்ளைகளையோ, உள்ளே விட உங்களுக்கு விருப்பமிருந்தால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு, பெயர் எழுதி, "இந்த நாளுக்கு மட்டும் அனுமதி" என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது போர்டு. வாசகம் குறைவாக இருக்கட்டும். "இது தனியார் பட்டா நிலம். புல எண் இன்னது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. அருவிக்கு இது வழி அல்ல. அனுமதிக்கு அழைக்க" என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். புல எண் எழுதுவது முக்கியம், இது யாரோ மிரட்டுவதற்கு வைத்த தகரம் இல்லை என்று படிப்பவருக்குத் தெரியும். தமிழ், ஆங்கிலம், மலையாளம் மூன்றிலும் எழுதுங்கள். கொடைக்கானல் பக்கம் வருகிறவர்களில் கேரளத்துக்காரர்கள் அதிகம். நாய் இல்லாமல் நாய் ஜாக்கிரதை, கேமரா இல்லாமல் கேமரா கண்காணிப்பு என்று எழுத வேண்டாம். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற வரியையும் நம்ப மாட்டார்கள். காட்டுமாடு, யானை நடமாட்டம் உண்மையில் இருந்தால் அதை எழுதுங்கள், அது அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

வைக்கிற இடத்தில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். எல்லைக் கோட்டில் மட்டும் வைத்தால், வருகிறவர் அதைப் பார்க்கும்போது ஒரு மணி நேரம் நடந்து களைத்திருப்பார், பைக்காரருக்குத் திரும்ப இடம் இருக்காது. அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். தார் ரோட்டிலிருந்து பிரிகிற முக்கில், வண்டி திருப்ப இடம் உள்ள இடத்தில், முதல் போர்டு இருக்க வேண்டும். அந்த இடம் உங்களுடையது இல்லையென்றால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு அவர் நிலத்தில் வையுங்கள், அவருக்கும் இதே தொல்லை இருக்கும். ரோட்டுப் புறம்போக்கில் வைப்பதானால் ஊராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு எல்லையில் பாதை நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. எல்லை நெடுக ஒரு கம்பத்தில் நின்று பார்த்தால் அடுத்தது கண்ணில் படுகிற தூரத்தில் கல் தூண், கண் உயரத்தில். மழைக்குப் பிறகு புதர் மூடிவிடும் என்பதால் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டிவிட வேண்டும். பொதுப்பாதை பக்கத்திலேயே போகிறதென்றால் அதற்கும் ஒரு அம்புக்குறி போடுங்கள். "இங்கே வராதே" என்று மட்டும் சொல்லாமல் "அந்தப் பக்கம் போ" என்றும் காட்டினால், வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். மோசமானவர்கள் சிலர்தான். வழி தெரியாமல் வருகிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

கேட்டைப் பற்றி: வண்டி வழிக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டுங்கள். பக்கத்தில் ஆள் மட்டும் வளைந்து நுழைகிற மாதிரி ஒரு கடவு விடுங்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் முன்பு இருந்ததுதான். தலைச்சுமையோடு வருகிறவர் போகலாம், பைக் போகாது. எல்லை முழுக்க முள்கம்பி தேவையில்லை, காட்டுமாடு மாட்டிக் கிழித்துக்கொள்ளும். வேலிக்காக மரம் வெட்டுவதென்றால், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்கிறேன். வழியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டாதீர்கள். குழி வெட்டாதீர்கள். ஈபி லைனிலிருந்து நேரடியாக வேலிக்குக் கரண்ட் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கழுத்துயரக் கம்பியில் ஒரு பைக் பையன் மாட்டினால் அவன் அத்துமீறியவன் என்பது உங்களைக் காப்பாற்றாது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கே இப்போது ஐந்து வருஷம் வரை சிறை, வேண்டுமென்று கட்டியது என்றால் அதைவிடப் பெரிய குற்றம். சோலார் பேட்டரி வேலிக்கும் ரிசர்வ் காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023-இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது, வனத்துறையில் பதிவு செய்யாமல் போடாதீர்கள்.

இந்தக் காலத்தில் எல்லைக் குறி இன்னோர் இடத்திலும் வைக்க வேண்டியிருக்கிறது, போனில். உங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் வழியைத் தரையில் தேடி வரவில்லை. வரைபடத்தில் யாரோ குத்திய புள்ளியைப் பார்த்து வருகிறார்கள். கூகுள் வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் திறந்தால் திருத்தம் பரிந்துரைக்க இடம் இருக்கும். அங்கே செல்லும் வழி தனியார் நிலம் என்று எழுதி, உங்கள் போர்டின் படத்தையும் ஏற்றுங்கள். வீடியோ போட்டவருக்கு மரியாதையாக எழுதுங்கள். ஒருமுறையில் நடக்காது, இரண்டு மூன்று முறை அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது வந்தால் தனியாகப் போய் மறிக்க வேண்டாம். வண்டி எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், போர்டும் அவர்களும் ஒரே படத்தில் விழுந்தால் மிக நல்லது. போர்டு வைத்த அன்றே ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருங்கள். கோர்ட்டில் போன் படத்தைக் காட்ட சாட்சியச் சட்டப்படி ஒரு சான்றிதழ் தேவை, அதனால் படம் எடுத்த போனை மாற்றிவிடாமல் வைத்திருங்கள். போலீஸில் புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், நகல் ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் கொடுங்கள். முதல் புகாரில் ஒன்றும் நடக்காமல் போகலாம். அடுத்த முறை அதே குழு வரும்போது அந்த ரசீதுதான் பேசும். சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்குவது பக்கத்து நிலக்காரர், சுற்றுலா நடத்துகிற ஒரு ரிசார்ட் மாதிரி பெயர் தெரிந்தவர்களுக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். வாரம் ஒரு புதுக் கூட்டம் வருகிற இடத்தில் யார் பெயரைப் போட்டு வழக்குப் போடுவது என்பதே கஷ்டம்.

அவர்கள் உங்கள் தோட்டத்தைத் தாண்டி ரிசர்வ் காட்டுக்குள் போகிறார்கள் என்றால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நடைபயணக் குழு அது. தேனியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தச் சரிவுகள் எனக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதும் தெரியும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அந்த ஆண்டே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வழிகாட்டிகளோடு 40 பாதைகளை அரசே ட்ரெக் தமிழ்நாடு என்று திறந்துவிட்டது. உங்களிடம் வந்து கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்லி அனுப்புங்கள். நடக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு முறையான வழி இருக்கிறது.

உங்கள் கேள்வியில் தோட்டத்தின் எந்தப் பக்கம் ஓடை, எந்தப் பக்கம் ரிசர்வ் காடு என்று இல்லை. புலப்படத்தை எடுத்து, ஓடை உங்கள் புல எண்ணுக்குள் வரைந்திருக்கிறதா அல்லது தனிப் புல எண்ணாக வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது தெரிந்தால் அருவிப் பக்கம் முதல் கம்பத்தை எங்கே நடலாம் என்று சொல்கிறேன்.